டிஎன்ஏ பெட்டி வாங்க நினைப்பவர்களுக்கு: என் தையல்கார அக்காவுக்கு நடந்தது

இந்தப் பெட்டியை நான் எனக்காக வாங்கவில்லை. எனக்கு ரவிக்கை பிரித்துத் தைத்துக் கொடுக்கும் அக்காவுக்காக வாங்கினேன். 2023 ஜூன் மாதம், தந்தையர் தினத் தள்ளுபடி. 99 டாலர் பெட்டி 59 டாலருக்குக் கிடைத்தது. பணம் கட்டும்போது அந்தத் தள்ளுபடியின் பெயர் என் மனதில் பதியவே இல்லை. கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அட்டைமேல் ஒட்டியிருந்த விளம்பரச் சீட்டைப் படித்துவிட்டு, “அப்பா தினத்துக்கா?” என்று மெதுவாகக் கேட்டார். அப்போது அவருக்கு 53 வயது. தன் அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு படத்தில்கூடப் பார்த்ததில்லை.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. எச்சிலை வைத்துச் சொந்தக்காரர்களைத் தேடித் தரும் பெரிய நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான், பெட்டிக்குள் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் இங்கே ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். ரத்தக் குழாய், சிறுநீர்க் கோப்பை, எச்சில் எல்லாம் எனக்கு அன்றாடம். ஆனாலும் இந்தக் குழாய் வீட்டுக்குள் வந்து செய்த வேலைக்கு என் படிப்பு என்னைத் தயார்ப்படுத்தவில்லை. இதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு நீங்களும் இதை வாங்கிக் கொடுக்க நினைத்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

அக்காவின் கடை பெல்லேர் பக்கம், வியட்நாம்காரர்கள் நிறைந்த இடத்தில் இருக்கிறது. பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கல்யாண கவுனை இடுப்பில் பிடித்துத் தைப்பது இதெல்லாம் வேலை. பத்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பட்டு ரவிக்கையை எடுத்துப்போய், கை பிடிக்கிறது, உள்தையலைப் பிரித்துவிட முடியுமா என்று பாதி ஆங்கிலம் பாதி சைகையில் கேட்டேன். அவர் அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். மடித்து விட்டிருந்த துணியை விரலால் தடவி, “நல்ல டெய்லர், இடம் விட்டு வைத்திருக்கிறார்” என்றார். அன்றிலிருந்து பழக்கம். வியட்நாமிய மொழியில் அக்காவை ‘சி’ என்பார்கள். நம் காதில் அது வேறு மாதிரி விழும் என்பதால் நான் தமிழிலேயே அக்கா என்று கூப்பிடுகிறேன், அவருக்கு அது பிடித்துவிட்டது. அவர் என்னை ‘எம்’ என்பார், தங்கை என்று அர்த்தம்.

அக்காவின் அம்மா லாங் பின் முகாமில் சிப்பாய்களின் துணி துவைத்தவர். சைகோனுக்கு வடகிழக்கே பியென் ஹோவா ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்த முகாம்தான் வியட்நாமில் அமெரிக்கத் தரைப்படை கட்டிய மிகப் பெரிய தளம். 1969-ல் அம்மாவுக்கு 19 வயது. ஒரு கறுப்பினச் சிப்பாயோடு எட்டு மாதம் ஒரே வாடகை அறையில் குடியிருந்திருக்கிறார். சிப்பாய்க்கு ஒரு வருஷக் கணக்கு முடிந்தது, ஊருக்குப் போய்விட்டார். அம்மா அப்போது மாசமாக இருந்தார். இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. 1970 மார்ச்சில் அக்கா பிறந்தார். 1975 ஏப்ரலில் சைகோன் விழப்போகிறது என்று தெரிந்ததும், அமெரிக்கனோடு வாழ்ந்தவள் என்று பிடித்துப்போவார்கள் என்ற பயத்தில் அம்மா இரண்டு கடிதத்தையும் ஒரே ஒரு போட்டோவையும் அடுப்பில் போட்டார். அந்த மாதம் அந்த ஊரில் எத்தனையோ தாய்மார் இதைச் செய்திருக்கிறார்கள். மிஞ்சியது ஒரு பெயர். அதுவும் வியட்நாமிய நாக்கில் புரண்டு தேய்ந்த பெயர், அது முதல் பெயரா குடும்பப் பெயரா என்றுகூடத் தெரியாது.

போட்டோவை எரிக்கலாம், பிள்ளையின் முகத்தை என்ன செய்வது? அக்காவின் தலைமுடி சுருள். அம்மா மாதம் ஒருமுறை மொட்டை போட்டுவிடுவாராம். பள்ளிக்கூடத்தில் ‘கொன் லாய்’ என்றார்கள், கலப்புப் பிள்ளை என்று பொருள். தெருவில் ‘புய் தோய்’ என்றார்கள், வாழ்க்கையின் புழுதி. வெள்ளைக்கார அப்பனுக்குப் பிறந்தவர்களையாவது சிலர் பொறுத்துக்கொண்டார்கள், கறுப்பு அப்பனுக்குப் பிறந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை என்று அக்கா சொல்வார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒரு தையல்காரம்மாவின் வீட்டில் காஜா எடுக்கப் போனார். அந்தக் கைத்தொழில்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

இந்தப் பிள்ளைகளுக்காக 1982-லேயே வாஷிங்டனில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் தாயை விட்டுவிட்டுப் பிள்ளை மட்டும் வரவேண்டும் என்றது அது. வியட்நாமோடு தூதரக உறவும் அப்போது கிடையாது, அதனால் அதில் வந்தவர்கள் சொற்பம். 1985-ல் சைகோன் தெருவில் நடக்க முடியாத ஒரு கலப்புச் சிறுவன், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதத்தில் பூச்செய்து விற்றுக்கொண்டிருந்த படம் ஒரு நியூயார்க் பத்திரிகையில் வந்தது. லாங் ஐலண்டில் ஒரு பள்ளி மாணவர்கள் அவனுக்காகக் கையெழுத்து திரட்ட, அது அவர்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் ராபர்ட் ம்ராசெக்கிடம் போனது. அந்தச் சிறுவன் வந்து சேர்ந்தான். 1987 டிசம்பரில் ம்ராசெக் கொண்டுவந்த புதுச் சட்டமும் நிறைவேறியது. பிள்ளையோடு தாயும் உடன்பிறந்தாரும் வரலாம், தகப்பன் யார் என்று காகிதம் காட்ட வேண்டாம், அதிகாரி முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். எந்த முகத்துக்காகக் கல்லடி பட்டார்களோ அதே முகம் பாஸ்போர்ட் ஆனது. அந்தச் சட்டத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அமெரிக்கா வந்தார்கள்.

அப்போது நடந்த ஒன்றை அக்கா சொல்லும்போது குரல் மாறும். புழுதி என்று துரத்திய ஊரிலேயே பணக்காரர்கள் இந்தப் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். எங்கள் மகள் என்று எழுதிக்கொடு, நாங்களும் அமெரிக்கா போய்விடுகிறோம் என்று பேரம். ஒரு நகைக்கடைக்காரர் அம்மாவிடம் நான்கு கட்டித் தங்கம் வைத்துக் கேட்டிருக்கிறார். அம்மா எடுத்துக்கொண்டால் அம்மாவுக்கு வீடு, மகளுக்கு வேறொரு குடும்பம். அம்மா தங்கத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு, இரண்டு பேருடைய பெயரையும் தானே போய்ப் பதிந்தார். பிலிப்பைன்ஸில் பட்டான் அகதி முகாமில் ஆறு மாதம் ஆங்கிலம். 1991-ல் ஹூஸ்டன்.

இங்கே வந்தபிறகும் குடியுரிமை தானாக வந்துவிடவில்லை. கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளையை, குறிப்பிட்ட வயதுக்குள் அமெரிக்கத் தகப்பன் சட்டப்படி ஒப்புக்கொண்டிருந்தால்தான் அந்த வழி. இல்லையென்றால் எல்லா அந்நியரையும்போலத் தேர்வு எழுத வேண்டும். மூன்றாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு அது மலை. இரண்டு முறை தோற்று 2011-ல் தேறினார். அப்போது நூறு கேள்விகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது, அதில் பத்துவரை கேட்டார்கள், ஆறு சரியாக இருந்தால் போதுமாயிருந்தது. அந்த நூறில் ஒன்று: 1900-களில் அமெரிக்கா நடத்திய போர் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள். அக்காவிடம் அதையே கேட்டார்கள். “வியட்நாம்” என்றாராம். அதிகாரி சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

சரி, பெட்டி.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய், மேலே புனல், நீல நிறத் திரவம் அடைத்த மூடி, ஒரு பை, தபால் கட்டணம் முன்பே செலுத்திய சின்ன அட்டைப்பெட்டி. குழாயில் ஒட்டிய எண்ணைக் கணினியில் முதலில் பதிய வேண்டும். அதை மறந்து அனுப்பினால் எச்சில் அனாதையாகக் கிடக்கும். துப்புவதற்கு அரைமணி முன்பிருந்து சாப்பாடு, தண்ணீர், சூயிங்கம், சிகரெட் எதுவும் கூடாது. கோடுவரை நிரப்ப வேண்டும், நுரையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. மூடியைத் திருகினால் நீலத் திரவம் இறங்கும், ஐந்து விநாடி குலுக்கினால் முடிந்தது. குறிப்புத்தாள் முழுக்க ஆங்கிலம், படங்கள் போதாது. இந்தப் பெட்டி யாருக்கெல்லாம் இன்றைக்குத் தேவையோ அவர்களில் பலர் ஆங்கிலம் படிக்கத் தடுமாறுகிறவர்கள். ஒரு வியட்நாமியத் தாள், ஒரு கொரியத் தாள், ஒரு தகலோகுத் தாள் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அக்காவுக்கு எச்சிலே ஊறவில்லை. சர்க்கரை நோய், ரத்த அழுத்த மாத்திரை, போதாக்குறைக்குப் பதற்றம். கடையின் பின்னறையில் இஸ்திரிப் பலகை பக்கத்தில் உட்கார்ந்து குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம். கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துவிடச் சொன்னேன். எங்கள் ஊராக இருந்தால் புளியை நினைத்துக்கொள் என்பார்கள், உங்களுக்கு என்ன அக்கா என்றேன். பச்சை மாங்காய், மிளகாய் உப்பு என்றார். சொல்லும்போதே வாயில் ஊறிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்படி நிரப்பிய குழாய் ஐந்து வாரம் கழித்து, மாதிரி போதவில்லை என்று ஒரு வரி மின்னஞ்சலாகத் திரும்பியது. புதுக்குழாய் இலவசமாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் அந்த ஐந்து வாரமும் அக்கா ஒவ்வொரு நாளும் என்னிடம் “வந்ததா?” என்று கேட்டார் என்பது அந்த ஒரு வரியை எழுதிய இயந்திரத்துக்குத் தெரியாது. வயதானவர்களுக்கு வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால், முதல் நாள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு. இரண்டாவது முறை அப்படித்தான் செய்தோம், சரியாக வந்தது.

அக்டோபரில் முடிவு. முதல் பக்கத்தில் ஒரு வட்டப்படம்: பாதி வியட்நாம், மீதியில் நைஜீரியா, காமரூன், பெனின், கொஞ்சம் ஸ்காட்லாந்து. பெரும்பாலானவர்கள் இதற்காகத்தான் வாங்குகிறார்கள், எனக்கு இதில் பெரிய மதிப்பு இல்லை. நிறுவனம் தன்னிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் போடும் உத்தேசக் கணக்கு அது. போன வருஷம் கணக்கைப் புதுப்பித்தார்கள், அதே எச்சிலுக்கு நைஜீரியா ஆறு சதவீதம் குறைந்துவிட்டது. அக்கா பயந்துபோய் போன் செய்தார், ஏதோ கையைவிட்டுப் போனமாதிரி. ஒன்றும் போகவில்லை அக்கா, அவர்கள் அளவுநாடாவை மாற்றிவிட்டார்கள் என்றேன். தையல்காரருக்கு அது உடனே புரிந்தது.

காசுக்கு மதிப்பு இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. இவர்களெல்லாம் உங்கள் சொந்தம் என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் எவ்வளவு டிஎன்ஏ பொது என்று சென்டிமார்கன் கணக்கில் போட்டிருக்கும். பெற்றவர் என்றால் ஏறக்குறைய 3,400. ஒரு பக்க உடன்பிறப்பு என்றால் 1,700 சுமார். பெரியப்பா சித்தப்பா அத்தை பிள்ளைகள் என்றால் சராசரி 850 பக்கம். அக்காவின் பட்டியலில் 9,000-க்கும் மேல் பெயர்கள். முதல் பெயர் 884: சிகாகோவில் ஒரு பெண்மணி. அதற்குக் கீழே மிசிசிப்பி, இல்லினாய், மிச்சிகன் என்று வரிசையாக.

அக்கா திரையைத் தள்ளிக்கொண்டே போனார். நான் பக்கத்தில் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, “எம், இதில் அம்மா பக்கம் எங்கே?” என்றார்.

தேடினோம். பதினொரு பேர். எல்லாரும் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை தூரத்துச் சொந்தம், கலிபோர்னியாவில் இருக்கும் வியட்நாமியப் பெயர்கள். காரணம் எனக்குத் தெரியும். அமெரிக்கர்கள் லட்சக்கணக்கில் இந்தக் குழாயில் துப்பியிருக்கிறார்கள், வியட்நாமில் யார் துப்பினார்கள்? அறிவியலாக அதில் தப்பில்லை. தேடுகிறவருக்கு அதில் ஒரு வசதிகூட உண்டு: மற்றவர்கள் அப்பா பக்கம் எது அம்மா பக்கம் எது என்று பிரிக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், அக்காவுக்கு அந்த வேலையே இல்லை, வந்த பெயர் எல்லாம் அப்பா பக்கம்தான். ஆனால் நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. மொட்டை போட்டுக் காப்பாற்றியவள், தங்கத்தைத் திருப்பித் தள்ளியவள் பக்கம் பதினொரு பெயர். பார்க்காமலே போனவர் பக்கம் ஒன்பதாயிரம். பெட்டியின் மேல் ‘உங்கள் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். குடும்பம் மாடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரமே நான் இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கினேன், அம்மாவுக்கு. அம்மாவும் சோதித்தால் அந்தப் பக்கமும் கொஞ்சம் நிரம்புமே என்ற ஆசை. அம்மா பெட்டியை வாங்கிப் பார்த்தார், குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பி வைத்துவிட்டு வியட்நாமியில் ஏதோ சொன்னார். அக்கா மொழிபெயர்த்தார்: “இவள் யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியும். நான் எதற்குத் துப்பவேண்டும்?”

சொந்தத்தைக் கண்டுபிடிப்பது பெட்டி செய்யும் வேலை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வாசல்வரை கொண்டுவிடும். அதற்கு மேல் பழைய பதிவேடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் அதே நிறுவனம் மாதச் சந்தா கேட்கும், எங்களுக்கு அப்போது இருபத்துச் சொச்சம் டாலர். கட்டாதீர்கள். பல பொது நூலகங்களில் இந்தத் தளங்கள் இலவசம். எங்கள் ஹூஸ்டனில் இதற்கென்றே கிளேட்டன் நூலகம் இருக்கிறது, குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்காக மட்டும் நடக்கும் நகர நூலகம். நாங்கள் எத்தனையோ சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கேதான் இருந்தோம். கூச்சப்பட்டு வாசலிலேயே நின்ற அக்காவை உள்ளே அழைத்து, நாற்காலி இழுத்துப் போட்டு, மவுஸைக் கையில் கொடுத்து உட்கார வைத்த அந்த நூலகருக்கு நான் ஐந்து நட்சத்திரத்துக்கு மேல் கொடுப்பேன்.

கறுப்பினக் குடும்பங்களில் தேடுவது கடினம் என்று அவர்தான் விளக்கினார். 1870 கணக்கெடுப்புக்கு முன்னால் அடிமைகளாக இருந்தவர்களுக்குப் பெயரே எழுதவில்லை, வயதும் ஆணா பெண்ணா என்பதும் நிறமும் மட்டும், முதலாளியின் பெயருக்குக் கீழே. நல்லவேளை, எங்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவு பின்னால் இல்லை. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கின் தாள்களை 72 வருஷம் பூட்டி வைத்துத்தான் திறப்பார்கள். 1950 கணக்கு 2022 ஏப்ரலில் திறந்தது. சிகாகோப் பெண்மணி தளத்தில் போட்டிருந்த வம்சத் தாளிலிருந்து தாத்தா பாட்டி பெயரை எடுத்து, மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி பறிக்கும் குடும்பங்களின் தாள்களில் தேடினோம். கிடைத்தது. கையெழுத்தில் ஒரு வீடு: தகப்பன், தாய், நான்கு மகன்கள், ஒரு மகள். கடைசிப் பையனுக்கு வயது மூன்று. அவனுடைய இரண்டாவது பெயரை இங்கே எழுதமாட்டேன். அம்மா ஐம்பது வருஷமாகச் சொல்லிவந்த ஓசைக்கும் அதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

நான்கு மகன்களில் யார்? இங்கேதான் பலர் அவசரப்பட்டுத் தப்பான வாசலைத் தட்டிவிடுகிறார்கள். சிகாகோப் பெண்மணியின் அப்பாவாக இருந்திருந்தால் எண் 1,700 வந்திருக்கும், அதனால் அவர் இல்லை. மற்ற மூவரைப் பற்றிக் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும். ஆக, கடிதம் எழுதியாக வேண்டும். முதல் கடிதத்தில் நான் உங்கள் தங்கை, உங்கள் சித்தப்பாவின் மகள் என்றெல்லாம் எழுதாதீர்கள். படிக்கிறவரின் வீட்டில் ஒரு விதவை இருக்கலாம், அவருக்கு இது புதுச்செய்தியாக இருக்கலாம். நாங்கள் நான்கு வரி எழுதினோம்: உங்களுக்கும் எனக்கும் இவ்வளவு பொது என்று தளம் காட்டுகிறது, நான் வியட்நாமில் பிறந்தவள், ஹூஸ்டனில் தையல் வேலை செய்கிறேன், எனக்குப் பணம் எதுவும் வேண்டாம், தெரிந்துகொள்ள மட்டும் விரும்புகிறேன். ‘பணம் வேண்டாம்’ என்ற வரியை எடுத்துவிடலாமா அக்கா, அது கேவலமாக இருக்கிறது என்றேன். “இருக்கட்டும், அவர்களுக்கு முதல் பயம் அதுதான்” என்றார்.

மாதக்கணக்கில் பதில் இல்லை. அந்தப் பெண்மணி எப்போதோ ஒரு பரிசாக வந்த பெட்டியில் துப்பிவிட்டுத் தளத்தையே மறந்துவிட்டிருக்கிறார். இதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள், மௌனம் எல்லாம் மறுப்பு இல்லை. அந்த இடைவெளியில் நாங்கள் மூல டிஎன்ஏ கோப்பை இறக்கி, வேறு வேறு நிறுவனத்தில் சோதித்தவர்களை ஒன்றாக ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றினோம். இலவசம்தான், ஆனால் 2018-ல் கலிபோர்னியாவில் ஒரு பழைய கொலைகாரனைப் போலீஸ் அதையும் பயன்படுத்திப் பிடித்தது, யார் பார்க்கலாம் என்ற அமைப்பைப் படித்துவிட்டு ஏற்றுங்கள். அக்கா மகனாகப் பிறந்திருந்தால், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோம் வழியாகக் குடும்பப் பெயரை நேராகத் தேடலாம். மகளுக்கு அந்த வழி அடைப்பு.

2024 ஜூலையில் பதில் வந்தது, நீளமாக, மூன்று திரை அளவுக்கு. நான்கு பேரில் கடைசி மகன் 1968-ல் படைக்குப் போனார், லாங் பின்னில் லாரி ஓட்டினார். நடு மகன் ஜெர்மனியில் இருந்தார். இன்னொருவர் படைக்கே போகவில்லை. கடைசி மகன் திரும்பி வந்து சிகாகோவில் கல்யாணம் செய்து இரண்டு மகன்களைப் பெற்று 2011-ல் காலமாகிவிட்டார். வியட்நாமைப் பற்றி வாய் திறந்ததில்லை. பாட்டி மட்டும் ஒருமுறை, அங்கே ஒரு குழந்தை இருக்கிறது என்று சொன்னதாக அந்தப் பெண்மணியின் அம்மாவுக்கு ஞாபகம்.

அவருடைய இரண்டு மகன்களும் இன்றுவரை எங்களுக்குப் பதில் எழுதவில்லை. ஆய்வகக்காரியாக நான் முழு உறுதி என்று எழுதமாட்டேன், அவர்களில் ஒருவர் குழாயில் துப்பினால்தான் அது. அக்கா இனிக் கேட்கவேண்டாம் என்றுவிட்டார். அந்தச் சட்டத்தில் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் தகப்பனைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, இந்தக் குழாய் வருவதற்கு முந்தைய கணக்கு. இப்போது அதிகம் இருக்கும். வியட்நாமிலேயே தங்கிவிட்ட சில நூறு பேருக்கு இந்தப் பெட்டிகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறது ‘அமெரேசியன்ஸ் வித்தவுட் பார்டர்ஸ்’ என்ற அமைப்பு, அதை நடத்துகிறவர்களும் அதே புழுதியில் வளர்ந்தவர்கள்தான். என்னோடு வேலை பார்க்கும், பிலிப்பைன்ஸில் ஒலாங்கப்போ ஊர் நர்ஸ் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, எங்கள் தெருவில் மட்டும் ஏழு பேர் என்றார். அங்கே இருந்த அமெரிக்காவின் சூபிக் கடற்படைத் தளம் 1992-ல் மூடியது. 1982 சட்டத்தில் கொரியா, வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து இருந்தன, பிலிப்பைன்ஸ் இல்லை. 1987 சட்டம் வியட்நாமுக்கு மட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு விமானம் கிடையாது, பெட்டி மட்டும்தான்.

நட்சத்திரம் கேட்டால் குழாய்க்கு நான்கு. சொன்ன வேலையைத் துல்லியமாகச் செய்தது. ஒன்றைக் குறைத்தது ஆங்கிலத் தாளுக்கும் அந்த ஒரு வரி மின்னஞ்சலுக்கும். முடிவு வரும் நாளில் தனியாக விடாதீர்கள், கூட ஒருவர் இருங்கள்.

செப்டம்பரில் சிகாகோவிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே, கறுப்பினத் தேவாலயங்களில் இறுதிச் சடங்கன்று அச்சிட்டுக் கொடுக்கும் பளபளத் தாள் புத்தகம், நடுப்பக்கத்தில் படங்கள். ராணுவச் சட்டையில் 21 வயதுப் பையன் ஒருவன் லாரிக் கதவில் சாய்ந்து நிற்கிறான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அழவில்லை. விரலைப் படத்தின் தோள்மேல் வைத்து, “சட்டை தோளில் பெரிது. யாரும் பிடித்துத் தைத்துக் கொடுக்கவில்லை” என்றார். மாடிக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினார், பார்த்தார், அந்தப் பெயரை ஒருமுறை சொன்னார். பிறகு புத்தகத்தை மூடி மகளிடமே கொடுத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினார்.

வரும் ஜூலையில் மிசிசிப்பியில் அந்தக் குடும்பத்தின் கூடல். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லா ஊரிலிருந்தும் வந்து சேர்வார்களாம், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன், முதுகில் குடும்பப் பெயர். எத்தனை பேர் வருகிறீர்கள், என்னென்ன அளவு என்று கேட்டுப் போன வாரம் செய்தி வந்திருந்தது. நான் ரவிக்கை வாங்கப் போயிருந்த நேரம். அக்கா மேலே பார்த்து வியட்நாமியில் ஏதோ கேட்டார், மேலேயிருந்து ஒரு சொல்லில் பதில் வந்தது. அளவுநாடா கழுத்தில் தொங்க, ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: இரண்டு பேர். ஒன்று பெரியது. ஒன்று சின்னது, அம்மாவுக்கு.